சின்ன ர, பெரிய ற

அபிஷாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது மத்தியானம் மூன்றரை மணி. ஆட்டோவிலிருந்து இறக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தியவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தீக்காய வார்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் யூனிஸ் சிஸ்டர் மட்டும்தான் பார்த்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இந்தப் பிள்ளை தங்காது என்று.

அது பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. பேர் எதற்கு, எந்த ஆஸ்பத்திரியிலும் இது நடந்திருக்கலாம்.

அபிஷாவுக்கு இருபத்து நாலு வயது. சொந்த ஊர் தக்கலைக்குப் பக்கம். கல்யாணமாகி வண்ணார்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். புருஷன் ஜெய்சன் கதவு, ஜன்னல், கட்டிலுக்கெல்லாம் பாலிஷ் போடுகிறவன். தின்னர் டின்கள் எப்போதும் வீட்டிலேயே கிடக்கும். அவனும் அதே ஆட்டோவில்தான் வந்தான். இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்திருந்தன. "அணைக்கப் போனேன் சிஸ்டர், அணைக்கப் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து அழுதான். யூனிஸுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆயாவிடம் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னாள்.

உள்ளே டாக்டர் அவசரப்பட்டார். சேலத்துப் பக்கத்துப் பையன், படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"சிஸ்டர், தொண்டை வீங்கிக்கிட்டு வருது. இப்பவே ட்யூப் போடணும். போட்டுட்டா பேச முடியாது. மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போயிருக்கு, ஆனா அவர் வர்ற வரைக்கும் தாங்காது. என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்டு எழுதிக்கிடுங்க. அவ வார்த்தையிலயே எழுதுங்க."

யூனிஸ் ரிப்போர்ட் நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள். அவள் காது அபிஷாவின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"எம்மா, என்னம்மா நடந்துது? பைய சொல்லு."

அபிஷா பேசினாள். கரகரத்த, காற்று கலந்த குரல். மூன்றே வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். யூனிஸ் எழுதினாள். ட்யூபைத் தயார் செய்துகொண்டிருந்த டாக்டருக்கு அந்தக் குரல் எட்டவில்லை; அவர் கீழே, நோயாளி சுயநினைவோடு இருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று ஐம்பத்தைந்து. பிறகு ட்யூப் இறங்கியது. மாஜிஸ்திரேட் ஐந்தேகாலுக்கு வந்தார். அபிஷாவால் கண்ணிமையை மட்டும்தான் அசைக்க முடிந்தது. மூன்றாம் நாள் காலை அதுவும் நின்றது.

நோட்டில் இருந்தது இவ்வளவுதான்:

'தின்னர் மேல பட்டுது. தீக்குச்சி எரிஞ்சு பத்திக்கிட்டு. அவரு வாசல்ல நின்னாரு.'

* * *

யூனிஸுக்கு இங்கிலீஷில் மருந்துப் பேர் எத்தனை முழம் நீளமாக இருந்தாலும் ஓர் எழுத்துத் தப்பாது. தமிழில்தான் தகராறு. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று பள்ளிக்கூடத்திலேயே பிடிபடவில்லை. டிக்டேஷனில் 'கரை'யும் 'கறை'யும் வந்தால் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, ஒன்றாவது சரியாக இருக்கட்டும் என்று ஜெபம் பண்ணுவாள். பெரியவளான பிறகும் அப்படித்தான். ஒரு தடவை சபையில் யாரோ காலமானதற்குக் கரும்பலகையில் 'ஆழ்ந்த இறங்கல்' என்று எழுதிவைத்துவிட்டாள். அவள் புருஷன் டைட்டஸ் வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"இறங்கல்னா பஸ்ஸ விட்டு எறங்குதது. செத்தவங்களுக்குச் சொல்லுதது இரங்கல். சின்ன ர."

"வாசிக்கவங்களுக்கு வெளங்குதுல்லா? அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

உண்மையும் அதுதான். அத்தனை வருஷத்தில் அவள் பிழையாக எழுதிய எதுவும் யாருக்கும் விளங்காமல் போனதில்லை.

அபிஷா செத்த பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். நோட்டை வாசித்தார்.

"தீக்குச்சி எரிஞ்சு பத்திக்கிட்டுன்னு இருக்கு. அப்ப ஆக்ஸிடெண்டுதான. அடுப்பப் பத்த வச்சிருப்பா. தின்னர் நெடி, குப்புனு பிடிச்சிருக்கும். என்ன சிஸ்டர்?"

"அவ சொன்னத எழுதுனேன் சார்" என்றாள் யூனிஸ். அப்போது அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மூன்று நாளும் ஜெய்சன் அவளிடம் வந்து வந்து கேட்டது ஒரே கேள்வி: "அவ எதாவது சொன்னாளா சிஸ்டர்?" எப்படி இருக்கிறாள் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

* * *

அபிஷாவின் அம்மா பிலோமினா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. கையில் நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"சிஸ்டர், இது நீங்க எழுதினதாக்கும்?"

"ஆமாம்மா."

"எனக்க பிள்ளை எரிஞ்சுன்னா சொன்னா, எறிஞ்சுன்னா சொன்னா?"

யூனிஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் காதில் ஒரே வார்த்தைதான் இரண்டு தடவை விழுந்தது. "எரிஞ்சுன்னுதாம்மா சொன்னா" என்றாள்.

"எது? விறகு எரியதா, கல்லு எறியதா?"

அப்போதுதான் உறைத்தது. யூனிஸ் ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தாள். தீக்குச்சி எரிஞ்சு. தீக்குச்சி எறிஞ்சு. சின்ன ர போட்டால் குச்சி தானாக எரிந்தது. பெரிய ற போட்டால் ஒருவன் கொளுத்தி அவள்மேல் வீசினான். அடுத்த வரியில் அவன் வாசலில் நிற்கிறான்.

"சொல்லும்போது ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்றாள், குரல் இறங்கி.

பிலோமினா அவளை நம்ப முடியாமல் பார்த்தாள். "ஒண்ணா? எங்க ஊருல முலை குடிக்க பிள்ளைக்கும் தெரியும். ரெண்டும் வேற வேற சத்தமாக்கும். கேளுங்க." சொல்லிக் காட்டினாள். முதலில் எரிஞ்சு. நாக்கு மேலே லேசாகத் தடவிவிட்டு இறங்கியது. பிறகு எறிஞ்சு. நாக்கு அண்ணத்தில் அழுந்தி உதறியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள். ஐந்து தடவை, பத்துத் தடவை. வார்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்; யூனிஸ் போகவில்லை. பத்தாவது தடவையோ என்னமோ, அவளுக்குக் கேட்டது. இத்தனை வருஷம் ஒரே வார்த்தையாக இருந்தது இரண்டாகப் பிரிந்தது.

பிலோமினா சேலைத் தலைப்பில் சுற்றிவைத்திருந்த போனை எடுத்தாள். "அவளுக்க சத்தம் இதுல கெடக்கு. சாவதுக்கு ரெண்டு மாசம் முந்தி அனுப்பினது." கறுத்த விரலால் தொட்டாள்.

ஓர் இளம்பெண்ணின் குரல். சிரிப்புக் குரல். 'அந்தப் பழைய பாயை எறிஞ்சிட்டேன், கேட்டியளா. எலி கடிச்சுப் போட்டு. புதுசு ஒண்ணு வாங்கணும்.'

அவ்வளவுதான். எறிஞ்சிட்டேன். அந்த ற பளிச்சென்று விழுந்தது. வண்ணார்பேட்டையில் மூன்று வருஷம் குடியிருந்தும் அவள் நாக்கில் ஊர் மாறவில்லை.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் பிலோமினா. "அண்ணைக்கு அவ எதச் சொன்னா?"

யூனிஸ் கண்ணை மூடினாள். கட்டில், பஞ்சு, மருந்து வாடை, கருகிய முடியின் வாடை எல்லாம் வந்தது. அபிஷாவின் உதடு அசைவது தெரிந்தது. குரல் மட்டும் வரவில்லை. வந்தது அவளுடைய சொந்தக் குரல். பாளையங்கோட்டை யூனிஸ் எப்படிச் சொல்லுவாளோ அப்படி, சின்னதும் இல்லாமல் பெரியதும் இல்லாமல், எரிஞ்சு. எத்தனை தடவை முயன்றாலும் அதுதான் வந்தது.

"தெரியலம்மா" என்றாள். "யோசிச்சுச் சொல்லுதேன். ஞாபகம் வரும். கண்டிப்பா வரும்."

பிலோமினா தலையாட்டினாள். "யோசிங்க. எனக்கு அந்த ஒரு எழுத்து போதும்." அன்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினாள். ஜெய்சனைப் பிடித்தார்கள், மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டான்.

* * *

கேஸ் கோர்ட்டுக்கு வர இரண்டு வருஷமானது. அந்த இரண்டு வருஷமும் யூனிஸ் யோசித்துக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில், சமையலில், சபையில் பிரசங்கம் நடக்கும்போது. வாரத்துக்கு ஒரு தடவை பிலோமினா போன் பண்ணுவாள். "ஞாபகம் வந்துதா சிஸ்டர்?" என்று கேட்பாள். இல்லை என்றால் கோபப்பட மாட்டாள். "செரி, யோசிங்க" என்று வைத்துவிடுவாள். அந்தப் பொறுமைதான் யூனிஸைக் கொன்றது.

மகள் ரீபா ஒருநாள் கேட்டாள். "எம்மா, நீ தனியா இருக்கும்போது என்னத்த முணுமுணுக்க? எரிஞ்சு எரிஞ்சுன்னு?"

சாட்சி சொல்ல சம்மன் வந்தது. அரசு வக்கீல் தேவசிகாமணி அவளை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசினார். தலை நரைத்த, நிதானமான மனிதர்.

"அக்கம்பக்கத்துல சண்டை கேட்டுதுன்னு சொன்னவங்க எல்லாரும் இப்ப ஒண்ணும் கேக்கலன்னுட்டாங்க. மிச்சம் இருக்கது உங்க நோட்டு மட்டும்தான். கோர்ட்டுல கேப்பேன். எறிஞ்சுன்னு சொன்னா, எனக்கு ர, ற தெரியாததால மாத்தி எழுதிட்டேன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"கேட்டது ஞாபகம் இல்லியே சார்."

"அவன் செஞ்சிருப்பான்னு நெனைக்கீங்களா?"

"நெனைக்கேன்."

"பெறகென்ன?"

வீட்டில் டைட்டஸும் அதையேதான் சொன்னான்.

"ஏட்டி, ஒரே ஒரு எழுத்து. வாழ்க்கை முழுக்கத் தப்பா எழுதியிருக்க, இத ஒரு தடவ சரியாச் சொல்லிட்டுப் போயேன்."

"சத்தியம் பண்ணிட்டுல்லா சொல்லணும்."

"கர்த்தருக்கு எல்லாம் தெரியும்."

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியலியே!"

இப்படி உழன்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. பொய்யும் சொல்ல வேண்டாம், பிலோமினாவையும் கைவிட வேண்டாம். தனக்குத் தமிழ் எழுத வராது என்பதைக் கோர்ட்டில் நிரூபித்துவிட்டால், அந்தச் சின்ன ர செல்லாமல் போய்விடும். மற்றதை நீதிபதி பார்த்துக்கொள்வார். மறுநாளே ஆஸ்பத்திரியின் பழைய காகித அறையில் ஏறி, தூசிக்குள் உட்கார்ந்து தேடினாள். ஆயாக்களுக்கு வேலை எழுதிவைக்கும் ஒரு நோட்டு கிடைத்தது. எல்லாம் அவள் கையெழுத்து. 'மூணாம் அரையைக் கழுவணும்.' 'பெட்சீட்ல ரெத்தக் கரை போகல.' 'நாலாம் பெட்டுக்கு வயித்தெறிச்சல், மோர் குடுக்கவும்.' அந்தக் கடைசி வரியைப் பார்த்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எரிகிறதற்கு அங்கே பெரிய ற போட்டிருந்தாள்.

தேவசிகாமணி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இது உதவும்னுதான் நெனைக்கேன்" என்றார். "ஆனா நாலு பேரு முன்னால உங்களுக்குத்தான் சங்கடம்."

"அது பரவாயில்ல சார்."

* * *

கோர்ட்டில் பிலோமினா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜெய்சன் கூண்டுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரி. உள்ளங்கைத் தழும்பு தெரியும்படி கைகளை முன்னால் விரித்து வைத்திருந்தான்.

தேவசிகாமணி ஆயாக்களுக்கு எழுதிய நோட்டை வாசிக்கச் சொன்னார். யூனிஸ் வாசித்தாள். 'அரையைக் கழுவணும்' வந்ததும் இளம் வக்கீல்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அறை என்றால் கழுவலாம், அரை என்றால் இடுப்பு. நீதிபதி ஓர் அம்மா, அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கவனித்துக் கேட்டார்.

"எனக்கு ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசம் தெரியாதும்மா" என்றாள் யூனிஸ். முகம் கன்றிப் போயிருந்தது. "ரிப்போர்ட் நோட்டுல நான் எரிஞ்சுன்னு எழுதுனத வச்சு, அவ அப்படித்தான் சொன்னான்னு யாரும் எடுத்துக்கிடக் கூடாது."

தேவசிகாமணி உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் யூனிஸுக்கு நெஞ்சு லேசானது. செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஜெய்சனின் வக்கீல் எழுந்தார். சத்தம் போடாத ஆள்.

"சிஸ்டர், ர, ற மட்டும்தானா? ல, ள, ழ?"

"அதுவும் சரியா வராது."

"அந்தப் பொண்ணு சொன்ன மூணு வாக்கியமும் இப்ப உங்க காதுல இருக்கா?"

யூனிஸ் தயங்கினாள். "காதுல இல்ல சார்."

"பெறகு எப்படி அது மூணு வாக்கியம்னு சொல்லுதீங்க?"

"நோட்டுல எழுதியிருக்கே."

"தின்னர் மேல பட்டுதுன்னது?"

"நோட்டுல இருக்கு."

"அவரு வாசல்ல நின்னாருன்னது?"

"அதுவும் நோட்டுலதான்."

"சரி. அந்த நோட்டுல நீங்க எழுதினத வச்சு யாரும் ஒண்ணும் எடுத்துக்கிடக் கூடாதுன்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க."

"அந்த ஒரு எழுத்தத்தான் சொன்னேன் சார்."

"அந்த ஒரு எழுத்து மட்டும் தப்பு, மத்த எழுத்தெல்லாம் சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யூனிஸ் தேவசிகாமணியைப் பார்த்தாள். அவர் குனிந்து ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. ஒரு கல்லைப் பிடுங்கப் போய்ச் சுவரையே சாய்த்துவிட்டாள். அபிஷா இந்த உலகத்தில் விட்டுப் போனதே மூன்று வரி. மூன்றையும் யூனிஸே அழித்துவிட்டாள்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் ஒண்ணு கேக்கிறேன்மா. நோட்டை விடுங்க. உங்க மனசாட்சிப்படி சொல்லுங்க. அந்தப் பொண்ணு எறிஞ்சுன்னு சொன்னதை உங்க காதால கேட்டீங்களா?"

கடைசி பெஞ்சில் பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். யாரோ கையைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. ஒரே சொல் போதும். ஆமா என்றால் போதும். யூனிஸ் கடைசியாக ஒரு தடவை அந்தக் கட்டிலுக்குப் போனாள். குனிந்தாள். காதை வைத்தாள். கருகிய உதடு அசைந்தது. அவளுடைய சொந்தக் குரல்தான் கேட்டது.

"தெரியலம்மா" என்றாள்.

* * *

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. சந்தேகத்தின் பலனை ஜெய்சனுக்குக் கொடுத்து விடுதலை. எழுதியவரே நம்ப வேண்டாம் என்று சொல்லும் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று நீதிபதி வாசித்தார். வாசிக்கும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததாக யூனிஸுக்குப் பட்டது. இருந்து என்ன?

வெளியே வேப்பமரத்தடியில் ஜெய்சனைச் சுற்றி அவன் ஆட்கள் நின்றார்கள். யாரோ தோளைத் தட்டினார்கள். அவன் யூனிஸைப் பார்த்தான். லேசாகத் தலை குனிந்தான், வணக்கம் சொல்கிற மாதிரி.

பிலோமினா வண்ணார்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். யூனிஸ் பின்னாலேயே போனாள். கூப்பிடத் தைரியம் இல்லை. நாகர்கோவில் பஸ் நிற்கும் இடத்தில் பிலோமினா நின்றதும் இவளும் நின்றாள். சுற்றிலும் கடை, ஆட்டோ, ஹாரன் சத்தம்.

"எம்மா, என்ன மன்னிச்சிருங்க. நல்லது பண்ணணும்னுதான் அந்த நோட்ட எடுத்துட்டு வந்தேன். மேல்கோர்ட்டுக்குப் போலாம். மதுரைக்கு நானே வாரேன்."

பிலோமினா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்ல மனுஷியாக்கும் சிஸ்டர். எனக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டீங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "வேற யாருக்க கையிலயாவது எனக்க பிள்ளை கெடச்சிருக்கப்பிடாதா! எங்க ஊருகாரி ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரியாதவ ஒருத்தி, அங்க நின்னிருந்தாக்கூட அவளுக்குக் கேட்டிருக்குமே. அவ சொல்லிட்டுத்தான் செத்தா. தெளிவாச் சொல்லியிருப்பா. கேக்கதுக்குத்தான் ஆளில்ல."

பஸ் வந்தது. கறுத்த விரல்கள் கம்பியைப் பிடித்து ஏறின. யூனிஸ் ஜன்னலோரமாக நடந்து பார்த்தாள். பிலோமினா மறுபக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அரசு தரப்பு அப்பீல் போகவில்லை. பிலோமினாவும் போகவில்லை. தேவசிகாமணி, "போயும் நிக்காது சிஸ்டர். சாட்சியே இல்லாத கேஸு" என்றார். அந்த வருஷக் கடைசியில் யூனிஸ் தக்கலைக்குப் போன் பண்ணினாள். யாரோ ஒரு பெண் எடுத்து, "அவங்க பேசமாட்டேன்னு சொல்லுகாங்க" என்றாள். பின்னால் முந்திரிக்கொட்டை தட்டும் சத்தம் கேட்டது. யூனிஸ் போனை வைக்காமல், அந்தப் பக்கம் வைக்கிறவரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீக்காய வார்டிலிருந்து மாற்றல் கேட்டு எழுதினாள். அனுபவமுள்ள ஆள் இல்லை என்று தரவில்லை. ஜூன் மாதம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பாதி உடம்பு வெந்திருந்தது. நினைவு இருந்தது. டாக்டர் வழக்கம்போல, "கேட்டு எழுதிக்கிடுங்க சிஸ்டர்" என்றார்.

யூனிஸ் நோட்டை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அந்தப் பெண் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். யூனிஸ் ஒவ்வொரு வார்த்தைக்கும், "இன்னொரு தடவ சொல்லும்மா, இன்னொரு தடவ" என்று கேட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டாள். பக்கம் வெள்ளையாகவே இருந்தது.